விசையும் முடுக்கமும் வரைபடத்தில்: வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் விசை என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் ஒரு திசைவேக–நேர வரைபடத்தை நீட்டி, "இதில் விசை எங்கே அதிகம், விரல் வைத்துக் காட்டு" என்றால், கோடு எங்கே மிக உயரமாக இருக்கிறதோ அங்கே போய் விரல் நிற்கிறது. சூத்திரம் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், கரும்பலகையில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

திசைவேக–நேர வரைபடத்தில் விசையை எங்கே பார்ப்பது?

கோட்டின் சாய்வில். உயரத்தில் அல்ல. திசைவேகம் என்பது திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்; அது மாறும் வீதமே முடுக்கம், அதைத்தான் சாய்வு காட்டுகிறது. கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் விசை அதிகம். படுக்கையாகக் கிடக்கும் இடத்தில், அது எவ்வளவு உயரத்தில் கிடந்தாலும், விசை சுழி. கோடு இறங்கினால் விசை எதிர்த்திசையில் இருக்கிறது. விசை என்று இங்கே சொல்வதெல்லாம் நிகர விசையை. அதாவது தள்ளுவது, இழுப்பது, உராய்வது எல்லாவற்றையும் திசையோடு கூட்டிக் கழித்து மிஞ்சுவது.

முடுக்க–நேர வரைபடம் கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். நிறை மாறாத பொருளுக்கு அதுவும் விசை–நேர வரைபடமும் இரட்டைப் பிள்ளைகள். வடிவம் ஒன்றுதான், செங்குத்து அச்சில் உள்ள எண்கள் மட்டும் நிறையால் பெருக்கப்பட்டிருக்கும். 2 கிலோ பொருளுக்கு 3 மீ/வி² முடுக்கம் என்றால் அந்தக் கணத்தில் விசை 6 நியூட்டன்.

வேகம் அதிகமாக இருக்கும்போது விசையும் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? ஓடுகிறவர் உயிரைக் கொடுத்து ஓடுகிறாரே!

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் உசைன் போல்ட்டைத்தான் அழைத்துவருகிறேன். 2009 ஆகஸ்டில் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் அவர் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். இன்றுவரை அதுவே உலகச் சாதனை. அந்த ஓட்டத்தின் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். வினாடிகளில் அவை:

1.89, 0.99, 0.90, 0.86, 0.83, 0.82, 0.81, 0.82, 0.83, 0.83

கூட்டிப் பாருங்கள், 9.58 வரும். முதல் எண்ணில் துப்பாக்கி வெடித்த பிறகு அவர் உடல் அசையவே எடுத்துக்கொண்ட 0.146 வினாடியும் அடக்கம்.

இப்போது 10 மீட்டரை ஒவ்வொரு நேரத்தாலும் வகுத்தால் அந்தந்தத் துண்டின் சராசரி வேகம் கிடைக்கும். இரண்டாவது துண்டில் 10.1 மீ/வி. மூன்றாவதில் 11.1. நான்காவதில் 11.6. ஐந்தாவதில் 12.05. ஏழாவதில், அதாவது 60 மீட்டருக்கும் 70 மீட்டருக்கும் இடையில், 12.35. அதுதான் உச்சம். பிறகு மெல்ல இறங்கி 12.05க்கு வந்துவிடுகிறது.

வரைபடத் தாளை எடுத்து இந்தப் புள்ளிகளை நீங்களே வையுங்கள். ஒவ்வொரு துண்டின் நடு நேரத்துக்கும் நேராக அதன் சராசரி வேகத்தைக் குறித்தால் போதும். தொடக்கத்தில் கோடு சுவரில் ஏறுவதுபோல் ஏறும். பிறகு வளைந்து, மேசைபோல் தட்டையாகி, கடைசியில் இம்மியளவு தொய்யும். சாய்வைக் கணக்கிட்டால் கதை தெளிவாகிவிடும். உடல் அசைந்த கணத்திலிருந்து இரண்டாவது துண்டின் நடுப்பகுதி வரை சராசரி முடுக்கம் ஏறத்தாழ 4.5 மீ/வி². இரண்டாவது துண்டுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் அது 1.1 ஆகக் குறைந்துவிடுகிறது. நான்கிலிருந்து ஐந்துக்கு 0.5. ஆறிலிருந்து ஏழுக்கு வெறும் 0.2.

கணக்குக்காக ஓடுபவரின் நிறையை 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னோக்கிய நிகர விசை தொடக்கத்தில் சராசரியாக 400 நியூட்டன், பிறகு சுமார் 100, பிறகு 45, பிறகு சுமார் 17. மனித வரலாற்றில் அதுவரை யாரும் ஓடாத வேகத்தில் அவர் ஓடிக்கொண்டிருந்த அந்தத் துண்டில் நிகர விசை சுழியைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு கழித்தல் குறி, விசை பின்னோக்கி.

"அப்படியானால் அந்த நேரத்தில் அவர் சும்மா இருந்தாரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சும்மா இல்லை. கால்கள் தரையை முழு மூச்சாக உதைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் காற்று பின்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் பதியும்போது ஒரு கணம் தரையும் பின்னால் தள்ளுகிறது. உதையால் வரும் வரவும் இந்தச் செலவும் சரிக்குச் சரியாகிவிட்டன. வரைபடத்தின் சாய்வு காட்டுவது கையில் மிஞ்சிய தொகையை மட்டும்தான். மொத்த வரவை அது காட்டாது.

விசை இல்லாவிட்டால் பொருள் நின்றுவிடும் அல்லவா? சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறதே.

சைக்கிள் நிற்பது விசை இல்லாததால் அல்ல, விசை இருப்பதால். மிதிப்பதை நிறுத்திய பிறகும் டயரும் காற்றும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் கோடு இறங்குகிறது. சமதரையில் ஒரே சீரான வேகத்தில் போகிறவர் மிதித்துக்கொண்டே இருப்பது அந்த இழுப்பைச் சமன்செய்யத்தான், வேகத்தை உண்டாக்க அல்ல. அந்தப் பகுதியில் கோடு படுக்கை. நிகர விசை சுழி.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அங்கே முடுக்கம் சுழிதானே?

இல்லை. தேர்வில் இதற்கு மதிப்பெண் இழந்தவர்களைக் கூட்டினால் ஒரு மைதானம் நிரம்பும்.

பந்தை 19.6 மீ/வி வேகத்தில் நேராக மேலே எறிகிறோம் என்று கொள்வோம். மேல்நோக்கிய திசை கூட்டல். ஒவ்வொரு வினாடியும் திசைவேகம் 9.8 குறைகிறது. முதல் வினாடி முடிவில் 9.8, இரண்டாவது முடிவில் 0, மூன்றாவதில் கழித்தல் 9.8, நான்காவதில் கழித்தல் 19.6, பந்து கைக்குத் திரும்புகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், இந்த ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் கோடு இரண்டாவது வினாடியில் நேர அச்சை வெட்டிக்கொண்டு கீழே போகிறது. வெட்டும் இடத்தில் வளைகிறதா? இல்லை. ஒடிகிறதா? அதுவும் இல்லை. சாய்வு முன்னும் பின்னும் ஒன்றே என்றால் அந்த இடத்தில் மட்டும் எப்படி மாறும்?

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பந்தும் அப்படித் தொங்கியதாக நான் கேள்விப்படவில்லை. பூமி அதை உச்சியிலும் அதே விசையோடுதான் இழுக்கிறது.

முடுக்கம் கழித்தல் என்றால் வேகம் குறைகிறது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. குறி என்பது திசையைச் சொல்கிறது. கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சொல்வதில்லை. பின்னோக்கி வரும் ஒரு பஸ்ஸின் திசைவேகம் கழித்தல் 3இலிருந்து கழித்தல் 5 ஆகிறது. முடுக்கம் கழித்தல், ஆனால் பஸ் இன்னும் வேகமாகத்தான் பின்னால் வருகிறது. மேலே சொன்ன பந்தும் அப்படியே: முடுக்கம் நான்கு வினாடியும் கழித்தல் 9.8தான், முதல் இரண்டு வினாடியில் வேகம் குறைந்தது, அடுத்த இரண்டில் கூடியது.

வரைபடத்தைப் பார்த்தவுடன் சொல்ல ஒரு வழி: கோடு நேர அச்சை நெருங்கினால் வேகம் குறைகிறது. அச்சிலிருந்து விலகினால், மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ, வேகம் கூடுகிறது.

இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்திலிருந்து விசையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வளைவைப் பார்க்க வேண்டும். நேர்கோடு என்றால் நிகர விசை இல்லை, கோடு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் சரி. நிமிர்த்தி வைத்த கிண்ணம்போல் வளைந்தால் விசை கூட்டல் திசையில். கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் வளைந்தால் கழித்தல் திசையில். வளைவு நேராகும் இடத்தில் விசை மறைகிறது.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தை ஊர்ப்படம்போல் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கோடு ஏறி இறங்கினால் வண்டி குன்றின்மேல் ஏறி இறங்கியது என்று விடை எழுதுகிறார்கள். அங்கே குன்று எதுவும் இல்லை. வண்டி சமதரையில் முன்னால் போய், நின்று, திரும்பி வந்திருக்கிறது.

அளவீடுகள் எண்களாக இருந்தால் கலிலியோவின் வழியைப் பயன்படுத்துங்கள். சாய்தளத்தில் உருளும் குண்டு சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடுகின்றன என்று அவர் கண்டார். 1638இல் வெளியான தன் நூலில் அதை எழுதினார். அடுத்தடுத்த எண்களுக்கு இடையே வேறுபாடு எப்போதும் 2. அந்த வேறுபாடு மாறாமல் இருந்தால் முடுக்கம் மாறவில்லை, எனவே விசையும் மாறவில்லை.

கைப்பேசியை மேசைமேல் வைத்து முடுக்கமானியைத் திறந்தேன். 9.8 என்று காட்டுகிறது. அசையாத கைப்பேசிக்கு முடுக்கமா?

இந்தக் கேள்வி வந்தால் அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு எல்லோரையும் லிஃப்டுக்கு அழைத்துப்போய்விடுவேன்.

கைப்பேசிக்குள் இருப்பது நிகர விசையை அளக்கும் கருவி அல்ல. மிகச் சிறிய ஒரு நிறை, மெல்லிய வில்போன்ற தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தாங்கிகள் எவ்வளவு வளைகின்றன என்பதைத்தான் கருவி படிக்கிறது. ஆகவே அது சொல்வது, ஒரு கிலோவுக்கு எவ்வளவு தாங்கும் விசை கிடைக்கிறது என்பதை. மேசைமேல் கிடக்கும்போது தாங்கும் விசை எடைக்குச் சமம், அதனால் 9.8. புவியீர்ப்பு கீழே இழுப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. மெத்தையின்மேல் ஒரு முழ உயரத்திலிருந்து கைப்பேசியை விட்டுப் பாருங்கள். விழும் அந்தச் சிறு நேரத்தில் எண் சுழிக்கு அருகே வந்துவிடும். உண்மையாக முடுகும்போது 0, சும்மா கிடக்கும்போது 9.8! மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது.

எனவே உண்மையான முடுக்கம் வேண்டுமானால் மேல்நோக்கிய அளவீட்டிலிருந்து 9.8ஐக் கழிக்க வேண்டும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி வரைபடத்தை உடனுக்குடன் போட்டுக்காட்டும். நாங்கள் பயன்படுத்துவது அதுதான். கைப்பேசியை லிஃப்டின் தரையில் வைத்துவிட்டு, யாரும் குதிக்காமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் நான் அதிகம் சத்தம் போட வேண்டியிருக்கிறது.

தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குப் போனபோது கிடைத்த கோடு இப்படி இருந்தது. முதலில் 9.8இல் படுக்கையாக. கதவு மூடி லிஃப்ட் கிளம்பியதும் ஒரு சிறு கூம்பு, உச்சி 10.5, நீளம் இரண்டரை வினாடி. பிறகு ஏழு எட்டு வினாடி மறுபடியும் 9.8. கடைசியில் ஒரு பள்ளம், ஏறத்தாழ கூம்பின் அதே அளவு, 9.1 வரை இறங்கி மீண்டது. நின்ற பிறகு 9.8.

"நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதா சார்?" என்றான் ஒருவன். நிற்கவில்லை. நடுவில்தான் அது தன் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கம்பியின் இழுப்பும் எடையும் சமமாக இருந்ததால், நின்ற லிஃப்டுக்கும் ஓடும் லிஃப்டுக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் நின்றால் நமக்கும் தெரிவதில்லை. கால் பாரமாவதும், கடைசியில் அடிவயிறு இலேசாவதும் கூம்பிலும் பள்ளத்திலும் மட்டுமே.

அடுத்து பரப்பு. முடுக்கக் கோட்டுக்கும் 9.8 என்ற படுக்கைக் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பு, திசைவேகம் எவ்வளவு மாறியது என்பதைத் தரும். கூம்பை முக்கோணமாக எடுத்துக்கொண்டால் அடிப்பக்கம் 2.5 வினாடி, உயரம் 0.7 மீ/வி², பரப்பு ஏறத்தாழ 0.9 மீ/வி. அதுதான் லிஃப்ட் எட்டிய வேகம். அந்த வேகத்தில் ஏழரை வினாடி போனால் 6.8 மீட்டர், கிளம்பும்போதும் நிற்கும்போதும் தலா 1.1 மீட்டர், மொத்தம் 9 மீட்டர். மாடிக்கு 3 மீட்டர் வீதம் மூன்று மாடி. கணக்கு இவ்வளவு பொருந்தியது எனக்கே ஆச்சரியம். மறுநாள் செய்தபோது இவ்வளவு பொருந்தவில்லை.

கீழே இறங்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் பள்ளம், கடைசியில் கூம்பு. இறங்கும் லிஃப்ட் நிற்பதற்கு மேல்நோக்கிய விசை வேண்டும் அல்லவா?

பஸ் பிரேக் போடும்போது முன்னால் சாய்கிறோம், சரி. நின்ற பிறகு ஏன் பின்னால் ஓர் உலுக்கு?

பிரேக் போட்டிருக்கும்போது திசைவேகக் கோடு நேராக இறங்கிவருகிறது; சீரான பின்னோக்கு விசை. நம் உடம்பும் அந்த விசைக்குத் தக்கபடி தன்னைப் பிடித்துவைத்துக்கொள்கிறது: கால் தரையை உந்துகிறது, கை கம்பியை இறுக்குகிறது. கோடு அச்சைத் தொட்ட கணத்தில் பஸ்ஸின் முடுக்கம் சட்டென்று சுழியாகிறது. ஆனால் நம் தசைகளுக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. அவை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதுதான் உலுக்கு.

திசைவேக வரைபடத்தில் கூர்முனை இருந்தால் முடுக்க வரைபடத்தில் அந்த இடத்தில் படிக்கட்டு இருக்கும். அனுபவசாலியான ஓட்டுநர் நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கை இலேசாகத் தளர்த்துவார். முனை மழுங்கிவிடும்; நின்றுகொண்டு வரும் பாட்டிக்கு அவர் செய்யும் உபகாரம் அது.

பாடப்புத்தகத்தில் வரும் கூர்முனைகளெல்லாம் வரைவதற்கு வசதியாகப் போட்டவை.

விழுந்துகொண்டிருக்கும் ஒருவரின் வேகம் குறையுமா?

குறையும். 2012 அக்டோபர் 14 அன்று வான்குதிப்பு வீரர் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் நியூ மெக்சிகோ மாநிலத்தின்மேல் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். அவ்வளவு உயரத்தில் காற்று மிகவும் அடர்த்தி குறைந்தது. தடையே இல்லாததுபோல் விழுந்தார். உச்ச வேகம் மணிக்கு 1357.6 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 377 மீட்டர். ஒலியை மிஞ்சிய வேகம். கீழே வர வர காற்று கெட்டியாகி, தடை எடையைவிடப் பெரிதானது. கோடு உச்சியைத் தொட்டுத் திரும்பி இறங்கியது. பாராசூட் விரியும் முன்பே வேகம் பெருமளவு குறைந்துவிட்டது.

அந்த உச்சப் புள்ளியில் நிகர விசை சுழி. அதற்குப் பிறகு நிகர விசை மேல்நோக்கி. ஆள் கீழே போகிறார், விசை மேலே இருக்கிறது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. போகும் திசையை நிகர விசை சொல்வதில்லை, திசைவேகம் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறது.

ஆய்வகத்தில் விசை–முடுக்கம் வரைபடம் போட்டோம். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. கணக்கில் தவறா?

தவறென்று அழித்துவிட்டு ஆதிப்புள்ளி வழியாகக் கோட்டை இழுத்துவிடுகிறார்கள் பிள்ளைகள். செய்யாதீர்கள். அந்தத் தள்ளல்தான் நீங்கள் கண்டுபிடித்த விஷயம்.

நான்கு சக்கர வண்டி, கப்பி, நூல், நூலின் நுனியில் எடைக்கற்கள். கிடை அச்சில் விசை, செங்குத்து அச்சில் முடுக்கம். கோடு விசை அச்சை 0.4 நியூட்டனில் வெட்டுகிறது என்றால், முதல் 0.4 நியூட்டன் உராய்வுக்குக் கப்பம் கட்டவே போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் கொடுத்ததுதான் வண்டியை முடுக்கியது. அச்சுகளை இப்படி வைத்தால் கோட்டின் சாய்வு நிறையின் தலைகீழ். அச்சுகளை மாற்றிப் போட்டால் சாய்வே நிறை. எந்த அச்சில் எது என்று பார்க்காமல் "சாய்வு என்றால் நிறை" என்று எழுதுவது இன்னொரு வழக்கமான சறுக்கல்.

கோடு மேலே போகப் போக வளைந்து படுத்தால் அதற்கும் காரணம் உண்டு. தொங்கும் கற்களும் வண்டியோடு சேர்ந்துதான் முடுகுகின்றன. வண்டி 1 கிலோ, கல் 50 கிராம் என்றால் முடுக்கம் 0.47 மீ/வி², கல்லின் நிறையைச் சேர்க்காமல் கணக்கிட்டால் 0.49. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கல் 500 கிராம் என்றால் உண்மையில் 3.3, சேர்க்காமல் விட்டால் 4.9 என்று வரும். தீர்வு எளிது. எல்லாக் கற்களையும் முதலிலேயே வண்டியில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக நூல் நுனிக்கு மாற்றுங்கள். நகரும் மொத்த நிறை மாறாது; கோடும் வளையாது.

விசை–நேர வரைபடத்தின் பரப்பு எதைத் தரும்?

உந்த மாற்றத்தை. உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. 160 கிராம் கிரிக்கெட் பந்து 30 மீ/வி வேகத்தில் வந்து கையில் அடங்கினால் மாற்றம் 4.8 கிலோகிராம் மீ/வி. கையை விறைப்பாக வைத்து 0.02 வினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 240 நியூட்டன். கையைப் பின்னால் இழுத்து 0.1 வினாடி எடுத்துக்கொண்டால் 48. பரப்பு ஒன்றே, ஒன்று ஒல்லியான கோபுரம், மற்றது தாழ்ந்த திண்ணை.

இலங்கைப் பாடநூலில் ஆர்முடுகல் என்று இருக்கிறது. அது வேறா?

அதேதான். தமிழ்நாட்டில் முடுக்கம், இலங்கையில் ஆர்முடுகல். இங்கே நிறை, அங்கே திணிவு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம் என்பது திசை இல்லாதது, திசையுள்ளது திசைவேகம். இலங்கையில் திசையுள்ளதைத்தான் வேகம் என்கிறார்கள்; திசை இல்லாததற்குக் கதி என்று பெயர். இணையத்தில் இரு நாட்டுக் குறிப்புகளையும் கலந்து படிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். வேகம் குறைகிறது என்பதற்கு அவர்களிடம் அமர்முடுகல் என்று தனிச் சொல் இருக்கிறது. அழகான சொல், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நியூட்டன் இந்தச் சூத்திரத்தை வரைபடமாகத்தான் எழுதினாரா?

இல்லை. 1687இல் வந்த அவருடைய பிரின்சிபியா என்ற நூலில் இரண்டாம் விதி வாக்கியமாகத்தான் இருக்கிறது: இயக்கத்தின் மாற்றம் விசைக்கு விகிதமாகவும் அது செயல்படும் திசையிலும் அமையும் என்று. மாற்றம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நேரத்தைக் கிடையாகவும் வேகத்தை உயரமாகவும் வைத்துப் பரப்பைத் தூரமாகப் படிக்கும் யோசனை அதற்கும் முந்தியது. பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சில் நிக்கோல் ஒரேம் என்ற அறிஞர் அதைச் செய்துவிட்டார்.

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுக்காட்ட முடியுமா?

ஒரு மின்சார ரயிலை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ரயிலின் நிறை 400 டன், தண்டவாளம் சமதளம். நிலையத்திலிருந்து கிளம்பி 30 வினாடியில் 15 மீ/வி எட்டுகிறது. 60 வினாடி அதே வேகம். பிறகு ஓட்டுநர் மோட்டாரை நிறுத்திவிட, 40 வினாடியில் வேகம் தானாக 13 ஆகிறது. கடைசி 20 வினாடியில் பிரேக் போட்டு அடுத்த நிலையத்தில் நிற்கிறது.

தூரம் முதலில். பரப்புகள் 225, 900, 560, 130. மொத்தம் 1815 மீட்டர்.

அடுத்து சாய்வு. கிளம்பும்போது 0.5 மீ/வி², நிகர விசை 200 கிலோநியூட்டன். சீரான வேகத்தில் சுழி. இங்கேதான் மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்: மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று அந்தப் படுக்கைக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது அல்லவா? பக்கத்துத் துண்டைக் கேளுங்கள். மோட்டார் நின்ற 40 வினாடியில் சாய்வு கழித்தல் 0.05, விசை 20 கிலோநியூட்டன் பின்னோக்கி. அப்போது ரயிலைப் பின்னால் இழுத்தது காற்றும் உராய்வும் மட்டுமே. வேகம் பெரிதாக மாறவில்லை, ஆகவே முந்தைய 60 வினாடியிலும் தடை ஏறத்தாழ அதே 20. மோட்டாரின் இழுப்பும் அதே 20. கிளம்பும்போது தடை இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அதனால் அப்போது மோட்டார் இழுத்தது 200க்கு மேல், 220க்குள்.

பிரேக் போட்ட துண்டில் சாய்வு கழித்தல் 0.65, நிகர விசை 260. அதில் தொடக்கத்தில் 20 வரை தடையின் பங்கு, மீதி 240 பிரேக்குடையது. வேகம் குறையக் குறையத் தடையும் குறையும். கோடு நேராக இறங்க வேண்டுமானால் பிரேக்கின் பங்கு 240இலிருந்து 260ஐ நோக்கி மெல்ல ஏற வேண்டும்.